விழியினுள் புகும் பகை

அருமைக் குழந்தையைக் 'கண்ணே' என்று அழைக்கிறோம். ஒன்றைக் கவலையோடு காப்பதைக் கண்ணும் கருத்துமாகக் காப்பது என்கிறோம். பேச்சிலே கண்ணுக்கு இவ்வளவு பெருமை தரும் நாம், அந்தக் கண்ணுக்குள் என்ன இருக்கிறது, அதனுள் நோய்க்கிருமி புகுந்தால் என்ன நேரிடும், அப்போது செய்யத் தக்கது யாது என்று எண்ணிப் பார்ப்பது மிகக் குறைவு. கண் மருத்துவத்தைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், மாணவ நேயர்களாகிய உங்களுக்கு இதைப்பற்றிச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

கண்ணில் கிருமி என்றதும் உங்களுக்கு நினைவு வருவது 'மெட்ராஸ் ஐ' என்று எல்லோரும் சொல்லும் கண்வலியாகத்தான் இருக்கும். கண் சிவக்கிறது, நீர் வடிகிறது, பீளை சேர்ந்து இமைகள் ஒட்டிக்கொள்கின்றன, வகுப்பில் ஒருவருக்கு வந்தால் ஒரு வாரத்தில் பாதி வகுப்புக்கு வந்துவிடுகிறது. ஆயினும் அது கண்ணின் வெளிப்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் உண்டாகும் நோய். பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானே அடங்கிவிடும். அது வீட்டுத் திண்ணையில் நடக்கும் சச்சரவு. நான் பேசப்போவதோ வீட்டின் உள்ளறையில் பற்றிக்கொள்ளும் தீ. விழிக்கோளத்தின் உள்ளேயே கிருமிகள் புகுந்து பெருகுவதால் வரும் இந்நோயை மருத்துவர்கள் 'எண்டாப்தால்மைட்டிஸ்' என்கிறார்கள். கிரேக்க மொழியில் 'எண்டோ' என்றால் உள்ளே. 'ஆப்தால்மோஸ்' என்றால் கண். 'ஐட்டிஸ்' என்னும் ஈறு அழற்சியைக் குறிக்கும். நாம் இதை விழியக அழற்சி என்று சொல்லலாம். இது அரிதான நோய்தான். ஆனால் வந்துவிட்டால், சில நாட்களில், சில வேளை ஒரே நாளில்கூட, பார்வையை அடியோடு அழிக்க வல்லது.

இவ்வளவு கடுமை ஏன்? இதற்கு விடை காணக் கண்ணின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

நமது விழி ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருண்டை. அதன் முன்புறத்தில், கைக்கடிகாரத்தின்மேல் கண்ணாடி கவிந்திருப்பதுபோல, ஒளி ஊடுருவும் படலம் ஒன்று கவிந்திருக்கிறது. அதுவே கார்னியா. அதன் பின்னே தெளிந்த நீர் நிறைந்த ஒரு சிற்றறை. அதற்கும் பின்னே, ஒளியைக் குவிக்கும் வில்லை. வில்லையின் பின்னுள்ள பெரிய அறை முழுவதையும், இளநுங்கின் உள்ளீடுபோல் வழவழப்பான, பளிங்குபோல் தெளிவான கூழ் ஒன்று நிரப்பியிருக்கிறது. இந்த விழிக்கூழின் அளவு ஏறத்தாழ நான்கு மில்லிலிட்டர். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு தண்ணீரே. இந்தக் கூழைச் சூழ்ந்து, உட்சுவரில் பூசிய மெழுகுபோல் விழித்திரை படர்ந்திருக்கிறது. ஒளியை உணர்ந்து மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்புத் திசு அதுதான்.

இந்த அமைப்பிலே ஒரு விந்தை உண்டு. ஒளி செல்லும் வழியில் எங்கும் இரத்தக் குழாய் கிடையாது. கார்னியாவில் இல்லை, வில்லையில் இல்லை, விழிக்கூழிலும் இல்லை. இருந்தால் உலகத்தைச் சிவப்புக் கொடிகளின் ஊடே பார்ப்பதுபோல் அல்லவா பார்க்க வேண்டியிருக்கும்? ஆனால் உடம்பில் எங்கே கிருமி புகுந்தாலும் அதை எதிர்க்கும் வெள்ளணுக்கள் இரத்தத்தின் வழியாகவே வந்து சேருகின்றன. விரலில் முள் தைத்தால் சில மணி நேரத்தில் அங்கே வெள்ளணுக்கள் குவிந்துவிடும். குழாயே இல்லாத விழிக்கூழுக்கு அவை எளிதில் வந்து சேரா. தெளிவுக்காகக் கண் கொடுத்த விலை இது.

இதோடு முடியவில்லை. விழித்திரையில் ஓடும் மெல்லிய இரத்தக் குழாய்களின் சுவர்கள் மிக நெருக்கமாக இணைக்கப்பட்டவை. மூளையிலுள்ள குழாய்களைப் போலவே, இரத்தத்தில் வரும் பல பொருள்களை அவை உள்ளே விடுவதில்லை. அமைதி காலத்தில் இந்த மதில் கண்ணுக்கு நன்மை செய்கிறது. கிருமி உள்ளே புகுந்துவிட்ட பிறகோ, வாயால் உட்கொண்ட மருந்தையும் நரம்பில் ஏற்றிய மருந்தையும் போதிய அளவு உள்ளே விடாமல் தடுக்கும் தடையாகவும் அதுவே ஆகிவிடுகிறது. மேலும், கண்ணின் உட்பகுதி அயற்பொருளைக் கண்டவுடன் சீறி எழும் இயல்புடையதன்று. 1948-ஆம் ஆண்டில் பீட்டர் மெடவார் என்னும் அறிஞர், ஒரு விலங்கின் தோல் துணுக்கை மற்றொரு விலங்குக்கு ஒட்டிப் பார்த்த தம் ஆய்வை வெளியிட்டார். வேறிடங்களில் விரைவில் அழிக்கப்பட்ட அந்தத் துணுக்கு, கண்ணின் முன்னறையில் வைத்தபோது நெடுநாள் தப்பியிருந்தது. கண் தன் மென்மையான உறுப்புக்களைத் தன் உடம்பின் சினத்திலிருந்தே காத்துக்கொள்ள ஏற்படுத்திக்கொண்ட பொறுமை இது என்று இன்று அறிஞர்கள் விளக்குகிறார்கள்.

அந்தப் பொறுமைக்கும் எல்லை உண்டு. கிருமிகள் பெருகி நஞ்சைக் கக்கத் தொடங்கியதும் மதில் இடிகிறது. வெள்ளணுக்கள் வெள்ளம்போல் உள்ளே பாய்கின்றன. கிருமியைக் கொல்ல அவை உமிழும் பொருள்கள் விழித்திரையையும் சேர்த்து எரிக்கின்றன. தோலில் புண் ஆறினால் தழும்பு தங்கும். அதனால் பெருந்தீங்கு இல்லை. விழித்திரையோ ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஆகவேதான், கிருமி முற்றும் அழிந்த பின்னரும் பார்வை திரும்பாமற் போவதுண்டு.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். அரைமணிக்கு ஒருமுறை இரண்டாகப் பிளந்து பெருகும் கிருமி ஒன்று உள்ளே புகுந்ததாக வைத்துக்கொள்வோம். பத்து மணி நேரத்தில் அது இருபது முறை இரட்டிக்கும். அப்போது அதன் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டிவிடும். 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லும் ஓர் இரவின் பொருள் இதுதான்.

இனி, இந்தக் கிருமிகள் உள்ளே வரும் வழிகளைப் பார்ப்போம். அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்: அறுவை, காயம், இரத்தம்.

முதலாவது அறுவை. முதுமையில் வில்லை மங்குவதே கண்புரை. மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லையைப் பொருத்துவது, உலகில் மிகுதியாகச் செய்யப்படும் அறுவைகளுள் ஒன்று. பல்லாயிரம் பேருக்குப் பார்வை தரும் இந்தச் சிகிச்சையின்போது, ஊசிமுனை போன்ற அந்த வாயிலின் வழியே, பதினாயிரத்தில் சிலருக்குக் கிருமி புகுந்துவிடுகிறது. இந்தக் கிருமி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அது நோயாளியின் இமை விளிம்பிலும் கண்ணின் மேற்சவ்விலும் வழக்கமாகக் குடியிருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் இனமே என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். தோலின்மேல் யாருக்கும் தீங்கு செய்யாமல் வாழும் அயலான், உள்ளறைக்குள் போனதும் பகைவனாகிவிடுகிறான். நீரிழிவு முதலிய நோய்களுக்காகக் கண்ணுக்குள் போடப்படும் ஊசிகளுக்குப் பின்னும், கண் அழுத்தத்தைக் குறைக்கச் செய்யும் அறுவைக்குப் பின்னும் அரிதாக இது நேரிடுவதுண்டு.

இரண்டாவது வழி காயம். உளியின் தலையில் சுத்தியல் படும்போது, கண்ணுக்குத் தெரியாத இரும்புச் சிதர் ஒன்று துப்பாக்கிக் குண்டின் வேகத்தில் பறந்து விழியைத் துளைக்கும். துளை மிகச் சிறியதாதலால் வலியும் சிறியதாகவே இருக்கும். 'தூசு விழுந்துவிட்டது' என்று கசக்கிவிட்டு வேலையைத் தொடருவார்கள். அப்படி வந்த ஓர் இளைஞரை நான் அறிவேன். பட்டறையில் வேலை செய்தவர். அடி பட்ட அன்று கண்ணைத் தண்ணீரில் கழுவிக்கொண்டு உறங்கப் போய்விட்டார். மறுநாள் கண் வீங்கியது. பச்சிலைச் சாறு விட்டார்கள். மூன்றாம் நாள் அவர் மருத்துவமனைக்கு வந்தபோது கார்னியா பால்போல் வெளுத்திருந்தது. விளக்கின் ஒளியைக்கூட அந்தக் கண் உணரவில்லை. அதைக் காக்க எங்களால் இயலவில்லை. மண்ணில் வாழும் 'பாசில்லஸ் சீரியஸ்' என்னும் கிருமி இத்தகைய காயங்களின் வழியே புகுவதுண்டு. ஒன்றிரண்டு நாட்களுக்குள்ளேயே கண்ணை அழிக்கும் கொடுமை உடையது அது.

காயத்தில் இன்னொரு வகையும் உண்டு. அது நம் வயல்களுக்கு உரியது. நெல் தூற்றும்போது உமியோ, கரும்பு வெட்டும்போது சோகையோ கார்னியாவைக் கீறிவிடுகிறது. கீறல் மேலோட்டமானதே. ஆனால் பயிர்ப்பொருள்களில் பூஞ்சைகள் வாழ்கின்றன. கீறலில் அவை வேரூன்றிப் புண்ணாகி, புண் ஆழமாகி, கடைசியில் விழியின் உள்ளேயும் இறங்குகின்றன. 1994-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மதுரையில் கார்னியாப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். கிருமி வளர்ந்து தெரிந்தவற்றுள் ஏறத்தாழப் பாதிக்குப் பூஞ்சையே காரணமாயிருந்தது. குளிர் நாடுகளில் பூஞ்சைக்கு இவ்வளவு இடமில்லை. ஆகவே, மேனாட்டு நூல்களைப் படித்து மட்டும் நம் நாட்டுக் கண்களுக்கு மருத்துவம் செய்துவிட முடியாது.

மூன்றாவது வழி இரத்தம். உடம்பின் வேறோர் இடத்தில் உள்ள கிருமி இரத்தத்தில் கலந்து, விழியின் உட்குழாய்களில் தங்கி, உள்ளிருந்தே மதிலைத் துளைப்பது இது. கட்டுக்கடங்காத நீரிழிவு உள்ளவர்கள், நெடுநாள் மருத்துவமனையில் குழாய்களோடு கிடந்தவர்கள், நோயெதிர்க்கும் ஆற்றல் குன்றியவர்கள் ஆகியோருக்கு இந்த அச்சம் மிகுதி. கிழக்காசிய நாடுகளில், கல்லீரலில் 'கிளெப்சியெல்லா' என்னும் கிருமியால் சீழ்க்கட்டி உண்டாகி, அது கண்ணையும் தாக்குவதை மருத்துவர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். நம் நாட்டில் இதற்கு வேறொரு காரணமும் உண்டு. சோர்வாக இருக்கிறது என்று சிறு ஊர்களில் 'குளுக்கோஸ்' ஒரு பாட்டில் ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தை அறிவீர்கள். அந்த நீர் தூயதாக இல்லாதபோது, அதிலுள்ள பூஞ்சை நேரே இரத்தத்தில் கலந்து, வேறு நோயற்றவர்களின் கண்ணையும் கெடுத்ததைப் பற்றி இந்திய மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். தேவையற்ற ஊசி தீங்கற்றது என்று எண்ணுவது தவறு.

இந்த நோயை மனிதன் எதிர்த்த வரலாறு சுவையானது. மங்கிய வில்லையை ஊசியால் ஒதுக்கித் தள்ளும் முறை சுசுருத சங்கிதையிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. பல நாடுகளில் பல நூற்றாண்டுகள் அதுவே வழக்கமாயிருந்தது. கிருமி என்று ஒன்று உண்டென்பதே தெரியாத அக்காலத்தில், ஊசியோடு நோயும் உள்ளே போயிற்று. 1750-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில், ஜான் டெய்லர் என்னும் ஆங்கிலேயர், இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக்கின் கண்ணில் இருமுறை அறுவை செய்தார். பாக்கின் பார்வை போயிற்று, உடல்நலமும் குலைந்தது, அதே ஆண்டு ஜூலை 28-ஆம் நாள் அவர் மறைந்தார். அறுவையின்போது கிருமி புகுந்திருக்க வேண்டும் என்று பிற்கால மருத்துவர் பலர் கருதுகின்றனர். அதற்கு மூன்றாண்டு முன்னரே பிரெஞ்சு மருத்துவர் ஜாக் தாவியேல் வில்லையை வெளியே எடுக்கும் முறையைத் தொடங்கியிருந்தார். 1867-இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் புண்களைக் கிருமியின்றிக் காக்கும் வழியை வெளியிட்டார். அறுவைக் கருவிகளைக் கொதிக்க வைக்கும் பழக்கம் பின்னர் பரவியது. அதன் பிறகுதான் கண் அறுவை ஓரளவு அச்சமற்றதாயிற்று.

1928-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டறிந்த பெனிசிலின் பயனுக்கு வந்தபோது, இனி விழியக அழற்சியும் ஒழிந்துவிடும் என்று நம்பியவர் உண்டு. நம்பிக்கை பலிக்கவில்லை. நான் முன்னே சொன்ன மதில் குறுக்கே நின்றது. உடம்பு முழுதும் மருந்து பரவினும் கண்ணின் நடுவே அது போதிய அளவு சேரவில்லை. மதிலைக் கடக்க முடியாவிட்டால், கதவைத் திறந்துகொண்டு நேரே உள்ளே போக வேண்டும் அல்லவா? 1940-களிலேயே முயல்களின் விழிக்கூழினுள் பெனிசிலினைச் செலுத்திப் பார்த்தார்கள். எந்த மருந்தை எவ்வளவு செலுத்தினால் கிருமி சாகும், ஆனால் விழித்திரை சாகாது என்று கண்டறிய மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. முற்காலத்தில் ஊசியாகச் செலுத்திய ஜெண்டாமைசின் என்னும் மருந்து, சில கண்களில் விழித்திரையின் நடுப்பகுதியையே கெடுத்துவிட்டது. கிருமிக்கு நஞ்சாகவும் கண்ணுக்கு மருந்தாகவும் இருக்கும் அந்த அளவின் எல்லை அவ்வளவு குறுகியது.

இன்று வழக்கத்திலுள்ள முறை வருமாறு. நோய் இதுவென்று ஐயம் எழுந்த உடனே, கண்ணை மரக்கச் செய்து, நுண்ணிய ஊசியால் விழிக்கூழிலிருந்து ஒன்றிரண்டு சொட்டு எடுத்து ஆய்வுக்கு அனுப்புகிறார்கள். உடனே வான்கோமைசின் ஒரு மில்லிகிராமும், செஃப்டாசிடிம் இரண்டேகால் மில்லிகிராமும் விழியினுள் செலுத்தப்படுகின்றன. ஒவ்வொன்றும் பத்தில் ஒரு மில்லிலிட்டர் நீரில் கரைந்திருக்கும். அது ஏறத்தாழ இரண்டு சொட்டு அளவுதான். முன்னது ஒரு வகைக் கிருமிகளையும் பின்னது மற்றொரு வகைக் கிருமிகளையும் தாக்கும். எந்தக் கிருமி என்று ஆய்வுகூடம் சொல்ல இரண்டு மூன்று நாட்கள் ஆகலாம். அதுவரை காத்திருந்தால் கண் காத்திராது. பூஞ்சையாயின் மருந்து வேறு. ஆம்ஃபோடெரிசின் என்னும் மருந்தை ஒரு மில்லிகிராமின் நூற்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் செலுத்த வேண்டும். அல்லது வோரிகொனசோல் என்னும் புதிய மருந்தைப் பயன்படுத்தலாம்.

ஊசி மட்டும் போதுமா, சீழ் கலந்த கூழையே வெளியே எடுத்துவிட வேண்டுமா? 1970-ஆம் ஆண்டை ஒட்டி, ராபர்ட் மக்கெமர் என்னும் மருத்துவர், விழியின் பக்கத்தில் சிறு துளையிட்டு, கூழை நறுக்கி உறிஞ்சி எடுக்கும் நுண்கருவியை அமெரிக்காவில் அமைத்தார். எடுக்கப்பட்ட கூழ் மீண்டும் ஊறாது. அந்த இடத்தைத் தெளிந்த நீர் நிரப்பிக்கொள்ளும். பார்வைக்கு அதனால் குறைவில்லை. ஆனால் எல்லோருக்கும் இந்த அறுவை வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. அதைத் தீர்க்க அமெரிக்காவில் 24 மருத்துவ நிலையங்கள் சேர்ந்து, கண்புரை அறுவைக்குப் பின் இந்நோய் வந்த 420 பேரைக் கொண்டு ஓர் ஆய்வை நடத்தின. அதன் முடிவு 1995-இல் வெளிவந்தது. கையசைவையாவது காணும் அளவு பார்வை இருந்தவர்களுக்கு ஊசியும் அறுவையும் ஒரே அளவு பயனளித்தன. வெளிச்சம் மட்டுமே தெரிந்தவர்களுக்கோ, உடனடி அறுவையால் நல்ல பார்வை பெறும் வாய்ப்பு மூன்று மடங்காயிற்று. நரம்பின் வழியே கூடுதலாகக் கொடுத்த மருந்துகளால் தனிப் பயன் காணப்படவில்லை. எல்லாரையும் சேர்த்துப் பார்க்கையில், பாதிக்கு மேற்பட்டவர்கள் நல்ல பார்வையை மீண்டும் பெற்றார்கள். 'போனால் போனதுதான்' என்று கைவிடப்பட்ட நோயில் இது பெரிய மாறுதல். இன்று கருவிகள் இன்னும் நுண்மையடைந்துவிட்டமையால், அறுவையை முன்கூட்டியே செய்வதை விரும்பும் மருத்துவர்களும் பலர்.

அந்த ஆய்வு சொன்ன மற்றொரு செய்தியை நீங்கள் மறக்கக்கூடாது. நோயாளிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வலியே இருக்கவில்லை. ஆனால் பார்வை மங்கல் ஏறக்குறைய எல்லோருக்கும் இருந்தது. ஆகவே, 'வலிக்கவில்லையே' என்று ஆறுதல் கொள்வது ஆகாது. அறுவைக்குப் பின் பார்வை நாளுக்கு நாள் தெளிய வேண்டும். தெளிந்துவந்த பார்வை மறுபடி மங்கினால், கண் சிவப்பு கூடினால், இமை வீங்கினால், கருவிழியின் அடியில் பாத்திரத்தின் மண்டிபோல் வெள்ளைக் கோடு தங்கினால், அது அவசரம் என்று கொள்ள வேண்டும்.

ஒரு மூதாட்டியின் செய்தி நினைவுக்கு வருகிறது. கண்புரை அறுவை செய்துகொண்டு ஊர் திரும்பியவர். நான்காம் நாள் மாலையில் கண் மங்கியது. வீட்டில் ஒரு திருமணம். 'கல்யாணச் சந்தடியில் சொல்ல வேண்டாம். இரண்டு நாள் போகட்டும்' என்று அவர் பேசாமல் இருக்க முயன்றார். ஆனால் கல்லூரியில் படிக்கும் பேத்தி, மருத்துவமனையில் கொடுத்த துண்டுத்தாளைப் படித்திருந்தாள். பாட்டி கோலப்பொடிக் கிண்ணத்தைத் துழாவி எடுப்பதைக் கவனித்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி விரல்களை எண்ணச் சொன்னாள். பாட்டியால் எண்ண முடியவில்லை. அன்றிரவே பேருந்தில் அழைத்து வந்துவிட்டாள். நள்ளிரவு கடந்து ஊசி போடப்பட்டது. இரண்டு மாதங்களுக்குப் பின் அந்த அம்மையார் தாமே ஊசியில் நூல் கோத்துப் பூத்தொடுத்ததாகச் சொன்னார். மருந்து புதிதன்று, மருத்துவரும் வேறானவர் அல்லர். அந்தக் கண்ணைக் காத்தது அந்தப் பெண் சேமித்துக் கொடுத்த இரண்டு நாள்.

வருமுன் காப்பதிலும் பெரிய முன்னேற்றம் ஏற்பட்டுள்ளது. அறுவைக்கு முன் கண்ணில் 5 விழுக்காட்டுப் பொவிடோன் அயோடின் கரைசலை விட்டுச் சில நிமிடம் காத்திருப்பது இன்று உலகெங்கும் வழக்கம். விலை குறைந்த இந்தப் பழுப்பு நீர் இமையோரக் கிருமிகளைப் பெரிதும் குறைத்துவிடுகிறது. அறுவையின் முடிவில் கண்ணின் முன்னறையில் சிறிதளவு மருந்தைச் செலுத்திவிடுவது அடுத்த படி. செஃபுராக்சிம் என்னும் மருந்தை இவ்வாறு பயன்படுத்தினால் நோய் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்பதை ஐரோப்பிய ஆய்வு ஒன்று 2007-இல் காட்டியது.

இத்துறையில் நம் தமிழ்நாடும் உலகுக்கு ஒரு செய்தி சொல்லியிருக்கிறது. 1976-இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்நிறுவனத்தின் மருத்துவமனைகள், அறுவையின் முடிவில் மாக்சிஃபிளாக்சசின் மருந்தைக் கண்ணுக்குள் செலுத்தும் முறையைக் கையாண்டு, ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகளின் கணக்கை 2017-இல் வெளியிட்டன. மருந்து செலுத்தாத கண்களில் பதினாயிரத்துக்கு ஏழு என்றிருந்த நோய், செலுத்திய கண்களில் இரண்டாகக் குறைந்தது. ஏழுக்கும் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆறு இலட்சம் கண்களில் அது முந்நூறு கண்கள். ஏழைகளுக்குப் பெருந்தொகையாக அறுவை செய்யும் இடம் ஒன்றுதான் இத்தகைய பெருங்கணக்கைப் போட்டுக்காட்ட முடியும்.

காப்பதில் சோர்வு வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அண்மைக்காலச் சான்று உண்டு. 2023-இல் அமெரிக்காவில், கண் வறட்சிக்காகக் கடைகளில் விற்ற சொட்டு மருந்தில் எம்மருந்துக்கும் எளிதில் அடங்காத 'சூடோமோனாஸ்' கிருமி கலந்திருந்தது தெரியவந்தது. பதினெட்டு மாநிலங்களில் 81 பேர் தொற்றுக்கு ஆளானார்கள். நால்வர் இறந்தனர், பதினால்வர் பார்வை இழந்தனர், நால்வருக்குக் கண்ணையே அகற்ற வேண்டியதாயிற்று. அந்த மருந்து செய்யப்பட்டது நம் தமிழ்நாட்டிலுள்ள ஓர் ஆலையில். ஒரு சொட்டு மருந்தின் தூய்மை கடல் கடந்த ஒருவரின் கண்ணுக்குப் பொறுப்பாகிறது. நாளை மருந்தாலைகளிலும் ஆய்வுகூடங்களிலும் பணிபுரியப் போகும் மாணவர்கள் இதை நெஞ்சில் கொள்ள வேண்டும்.

முடிவாக, மாணவர்களாகிய நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. கிட்டிப்புள், வில்லம்பு, பட்டாசு, கூரிய பென்சில் ஆகியவற்றால் கெட்ட கண்கள் பல. விளையாட்டிலும் பட்டறையிலும் கண்ணைக் காக்கும் கண்ணாடி அணிவது கோழைத்தனம் ஆகாது. கூரிய பொருள் கண்ணைத் துளைத்ததென்று ஐயம் இருந்தால் கசக்காதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள். ஒரு காகிதக் குவளையைக் கண்ணின்மேல் படாமல் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். உமியோ சோகையோ கீறினால் தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு எதையும் விடாதீர்கள்; கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தையும் விடாதீர்கள். அவற்றுள் சில பூஞ்சைக்கு எருவாகும். நேபாளத்தில் பக்தபூர்ப் பகுதியில், கார்னியாவில் கீறல் பட்டவர்களுக்கு ஊர்த் தொண்டர்களே உரிய களிம்பைக் கொடுத்து வந்தார்கள். பதினெட்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களுள் ஒருவருக்கும் புண் உண்டாகவில்லை என்று 2001-இல் அறிவித்தார்கள். அங்கே காத்தது பெரிய மருத்துவமனையன்று. நேரந்தவறாத சிறிய உதவி.

உங்கள் வீட்டில் பாட்டனாரோ பாட்டியாரோ கண் அறுவை செய்துகொண்டு வந்திருந்தால், மருந்து விடும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். சொட்டு மருந்து விடுமுன் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். மருந்துக் குப்பியின் முனை இமையில் படாமல் விடுங்கள். நாள்தோறும் ஒருமுறை, மற்றக் கண்ணை மூடச் சொல்லி, உங்கள் விரல்களை எண்ணச் சொல்லுங்கள். நேற்று எண்ணிய விரலை இன்று எண்ண முடியவில்லையெனில், விடியட்டும் என்று இராதீர்கள். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்ற பழமொழி நமக்குத் தெரியும். கெடுமுன்பு அதைத் தடுக்கும் அறிவும் மருந்தும் இன்று நம்மிடம் இருக்கின்றன. அவற்றை அந்தக் கண்ணிடம் நேரத்தில் கொண்டு சேர்ப்பது வீட்டிலுள்ளவர்களின் கையில் இருக்கிறது.